பரண் சாமானை எடைக்குப் போடுமுன்

நாச்சியாபுரத்தில் நமது பழைய கடையைப் பிரித்துக் கட்டியபோது, பரணில் கிடந்தவற்றை எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போட்டோம். பித்தளைப் படி இரண்டு, வீசைக் கல், பலக் கல், மூடி இல்லாத எனாமல் தூக்கு, சுவரில் மாட்டியிருந்த சோப்பு விளம்பரத் தகடு. இடம் காலியானால் போதும் என்றிருந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு வேலையாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனோம். பழம்பொருள் கடை ஒன்றின் வாசலில் நமது தகடு தொங்கியது. அப்பச்சி ஆணி அடித்த ஓட்டை மூலையில் அப்படியே இருந்தது. விலை கேட்டோம். கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தோம்.

சீரகத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய்க்காக அரை மணி நேரம் வாதாடுகிறவர்கள் நாம். நம் வீட்டுச் சரக்கின் விலை மட்டும் நமக்குத் தெரியாமல் போனது.

பழசு என்றாலே பணம் என்பதும் தவறு. உலகின் முதல் தபால்தலை 1840இல் இங்கிலாந்தில் வெளியான கறுப்புப் பென்னி. சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சிட்டார்கள். அதனால் இன்றும் தேடினால் கிடைக்கிறது. அதற்குப் பதினாறு ஆண்டு பிந்தியது பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலை. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். 2021 ஏலத்தில் 80 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. வரத்து குறைவு, கேட்பவர் உண்டு, விலை ஏறுகிறது. நம் மண்டி வியாபாரமும் இதுதானே!

வெள்ளி ரூபாயைப் பாருங்கள். 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான். 1947இல் வெறும் நிக்கல். இது உலோகத்தின் கதை. சேகரிப்பவர் பார்ப்பது வேறு: எந்த ஆண்டு, எந்தச் சாலை, எழுத்து தேயாமல் இருக்கிறதா. நம் பெண்டுகள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டு வந்து கொடுப்பார்கள். அந்தத் தேய்ப்பிலேயே பாதி விலை போய்விடும். பாத்திரத்துக்கும் அப்படியே. சீர் சாமானில் பெயரும் ஊரும் வெட்டியிருந்தால் அதை ராவிவிடாதீர்கள். யார் வீட்டுப் பொருள் என்ற சாட்சி அது. மூடி தொலைந்த தூக்குக்கும், மூடியோடு உள்ள தூக்குக்கும் விலை ஒன்றல்ல.

இன்னொரு பக்கம் ஏமாற்று வேலை. கல்லாவில் விழும் பழைய ஐந்து ரூபாய்த் தாளுக்கு லட்சக்கணக்கில் தருவதாகவும், முன்னதாகக் கட்டணமும் வரியும் கட்டச் சொல்லியும் போன் வருகிறது. ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்கிறார்கள். தனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இப்படிக் கட்டணம் கேட்பதே இல்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. சரக்கு வாங்குகிறவர் விற்பவரிடமே பணம் கேட்பாரா? எந்தக் கடைத்தெருவில் உண்டு அந்த வழக்கம்?

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலை, ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள். அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பூஜை அறைச் சிலையைக் கேட்டு வருபவரிடம் கவனமாக இருங்கள்.

நம் கவலை எல்லாம் கணக்குப் பேரேடுகள் பற்றித்தான். ரங்கூன், பினாங்குக் கொடுக்கல் வாங்கல் எழுதிய சிட்டைகள் இன்னும் சில வீடுகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. எடைக்குப் போட்டால் ஒரு வேளைக் காப்பிச் செலவுக்குத் தேறாது. போய்விட்டால் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவில் இரண்டு மேஜை ஒதுக்கி, உறுப்பினர் வீட்டுப் படி, கல், பேரேடுகளைப் பார்வைக்கு வைக்கலாம் என்பது நமது யோசனை. மேஜைக்கு நாமே ஏற்பாடு செய்கிறோம். சாமான் வைத்திருப்பவர்கள் செயற்குழுவில் பெயர் கொடுக்கவும்.