பெயரிழந்த கணவாய்

அண்மையில் கோடைக்கானல் ஏரியை அடுத்த உணவுவிடுதியொன்றில் அமர்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையினர்க்கு வெண்ணிற வளையங்களாகப் பொரித்த ஒன்றைக் கொணர்ந்து வைத்தான் ஓர் இளைஞன். “இஃது என்ன, தம்பி?” என்றேன். “காலமாரிங்க ஐயா” என்றான். ஊர் எதுவென்றேன், இராமேசுவரம் என்றான். “உன் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?” என்றதும் நாணிச் சிரித்து, “ஊசிக்கணவாய்” என்றான். ஏழாயிரம் அடி மலையேறிய கணவாய், தன் பெயரை அடிவாரத்திலேயே விட்டுவிட்டது!

பெயர் போனதோடு நின்றிருந்தால் வகுப்பறையில் கடிந்து பேசி அமைந்திருப்பேன். பொருளே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

நத்தை, சங்கு, சிப்பி, மட்டி, கணவாய் யாவும் மெல்லுடலிகள். பழனிமலையின் அடிவார வயல்களில் நத்தை பொறுக்கி உண்ணும் எளிய குடும்பங்களை நாம் அறிவோம். அந்நத்தை எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறுவது கப்பலேறும் கணவாயே.

சிப்பியையும் மட்டியையும் மாந்தர் வளர்க்கக் கற்றுவிட்டனர். 2022-இல் உலகில் வளர்ப்பால் கிடைத்த மெல்லுடலிகள் ஏறத்தாழ 189 இலக்கம் தொன். அவற்றுள் பெரும்பகுதி சீனத்தினுடையது. கணவாயையோ இன்றும் கடலே ஈன்று தரவேண்டும். 2014-இல் கணவாய் இனங்களின் உலகப் பிடிப்பு ஏறத்தாழ 49 இலக்கம் தொன்னாக உயர்ந்தது. 2016-இல் 36 இலக்கம் தொன்னாக வீழ்ந்தது. அருகெந்தீனா, பெரு, சப்பான் ஆகிய நாடுகளின் கடல்களில் வாழும் மூன்று பெருவகைகளும் ஒருங்கே குன்றின. கணவாய் பெரும்பாலும் ஓராண்டே வாழ்வது, முட்டையிட்டதும் மடிவது. முட்டையிடுமுன் வாரிவிட்டால் அடுத்த ஆண்டுக்கு வித்தே இல்லை.

நம் கடலில் முன்பு இறால் வலையில் தற்செயலாக விழுந்த பொருள் இது. 1970-களில் வெளிநாட்டார் விலை கொடுக்கத் தொடங்கியபின், இழுவைப் படகுகள் இதனையே தேடலாயின. ஓட்டுக்கணவாய் கொடிமுந்திரிக் கொத்தென இட்டுவைக்கும் கருமுட்டைகளின் மேலும் அடிமட்ட இழுவலை உராய்ந்து செல்கிறது. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடை உண்டுதான். மீன்களுக்கென வகுத்த அந்நாள்களிலேயே கணவாயும் முட்டையிட்டு முடிக்கும் என்று அதனிடம் எழுதியா வாங்கினோம்?

காக்க முடியாதென்பார் கொல்லத்து அட்டமுடிக் காயலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கு மட்டி அள்ளுதல் 1991-இல் பத்தாயிரம் தொன்னை எட்டி, 1993-இல் பாதியாகக் குறைந்தது. வலைக்கண்ணுக்கு அளவு வைத்தனர். சிறு மட்டியை ஏற்றுமதி செய்யலாகாதென்றனர். திசம்பர் முதல் பிப்பிரவரி வரை அள்ளுவதை நிறுத்தினர். 2014-இல் நிலைத்த மீன்பிடிப்புக்கான உலகச் சான்று, இந்தியாவிலேயே முதன்முறையாக, அவர்களுக்கு வந்தது. மடகாசுக்கரின் அண்டவடோக்கா என்னும் சிற்றூரார் 2004-இல் பேய்க்கணவாய் பிடிக்கும் திட்டொன்றைச் சில திங்கள் மூடிவைத்தனர். திறந்தபோது பெருத்த பிடிப்புக் கண்டு அயலூரார் பலரும் அவ்வழி சென்றனர். படிப்பும் பணமும் மிகுந்தவரல்லர் அவர்கள்.

பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எவ்வகைக் கணவாய் எத்திங்களில் முட்டையிடுகிறதென்பது அங்குள்ள முதிய பரதவர்க்குத் தெரியும். ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என்று பிரித்துப் பெயரிட்டவர்கள் அவர்களே. அரசின் மீன்வளத் துறையினர் அவர்களை அழைத்து அமர்த்திக் கேட்டு, வகைதோறும் தடைநாள் வகுக்கட்டும். தடைநாளில் படகு கட்டிக் கிடக்கும் குடும்பத்திற்கு, விலையில் கொழுத்த ஏற்றுமதியாளரிடமிருந்து ஒரு பங்கு வாங்கித் தரட்டும்.