வெளிநாட்டு மாணவர் டியூஷன் எடுக்கலாமா? பாஸில் உள்ள நிபந்தனையைப் பாருங்கள்

பீடோங்கிலிருந்து செமிலிங், மெர்போக் வழியாகத் தஞ்சோங் டாவாய் போகிறவர்கள் பெரும்பாலும் கருவாடும் நெத்திலியும் வாங்கத்தான் போவார்கள். அதே வட்டாரத்தில், செமிலிங்கில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் இங்கே படிக்க வருகிறார்கள். இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பிறந்த நம் பிள்ளைகளோ ஆஸ்திரேலியா, பிரிட்டன், இந்தியா என்று படிக்கப் போகிறார்கள்.

இரு தரப்புக்கும் ஒரே கேள்வி எழுகிறது. ஓய்வு நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணிதமோ அறிவியலோ சொல்லிக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாமா?

“பாடம்தானே சொல்லிக் கொடுக்கிறான், இதில் என்ன தப்பு?” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால், அது நல்ல வேலையா என்று குடிநுழைவுச் சட்டம் பார்ப்பதில்லை. கையில் உள்ள பாஸ் அந்த வேலைக்கு இடம் தருகிறதா என்றுதான் பார்க்கிறது.

நம் நாட்டில்

மலேசியாவில் மாணவர் பாஸ் வைத்திருக்கும் வெளிநாட்டவர் பகுதிநேர வேலை செய்யலாம். ஆனால் தவணை விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோ மட்டும்தான். அதுவும் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மிகாமல். உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் ஆகிய இடங்களே அனுமதிக்கப்பட்டவை. அங்கேயும் காசாளராக உட்கார முடியாது. உயர்கல்விக்கூடத்தின் வழியாகக் குடிநுழைவுத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

இந்தப் பட்டியலில் டியூஷன் இல்லை. வீட்டுக்கு வந்து கற்பித்தாலும், தம் அறையில் வைத்துக் கற்பித்தாலும், காசு வாங்கினால் அது பாஸ் நிபந்தனைக்குப் புறம்பான வேலை. 1963 குடிநுழைவு விதிமுறைகளின் 39(பி) விதிப்படி, நிபந்தனையை மீறியவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். படிப்பும் அத்தோடு நின்றுபோகக் கூடும்.

வேலைக்கு வைப்பவருக்கும் ஆபத்து உண்டு. செல்லத்தக்க பாஸ் இல்லாதவரை, உதாரணமாகப் பாஸ் காலாவதியானவரை, வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு பாயும். ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். “மாணவர்தானே” என்று பாஸைப் பார்க்காமல் அமர்த்தும் டியூஷன் மையங்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பிள்ளை போன நாட்டில்

பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் செய்யக் கூடாது. நம் பிள்ளைகள் பலர் தவறுவது இங்கேதான். ஒரு நிறுவனம் முறையான பணி ஒப்பந்தம் கொடுத்துச் சம்பளத்துக்கு அமர்த்தினால் கற்பிக்கலாம். தாமாக விளம்பரம் செய்து, மாணவர் பிடித்து, மணிக்கணக்கில் காசு வாங்கினால் அது சுயதொழில். பல டியூஷன் முகவர் நிறுவனங்களும் ஆசிரியர்களைச் சுயதொழில் செய்பவர்களாகவே சேர்த்துக்கொள்கின்றன. 20 மணி நேரத்துக்குள் நின்றாலும் விதி மீறியதாகவே ஆகும்.

ஆஸ்திரேலியா இதில் தாராளம். 2023 ஜூலை 1 முதல், வகுப்பு நடக்கும் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வணிக எண் பெற்றுக்கொண்டு தனியாக டியூஷன் எடுக்கலாம். அந்த நேரமும் 48 மணிக் கணக்கில் சேரும். வருமானத்தை வரித் துறைக்குக் காட்ட வேண்டும். சிறுபிள்ளைகளுக்குக் கற்பிப்பதால், அந்தந்த மாநிலத்தின் பின்னணிச் சரிபார்ப்பு தேவையா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் எஃப்-1 விசா மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அங்குள்ள பாட உதவி மையத்தில் கற்பிப்பது சரி. வெளியே ஒரு வீட்டில் காசுக்குக் கற்பிப்பது அனுமதியில்லாத வேலை. மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் அதிகம் போகும் இந்தியாவிலோ, மாணவர் விசாவில் வேலை செய்து சம்பாதிக்கவே இடமில்லை.

ஸூமில் எடுத்தால்?

“லண்டனில் உட்கார்ந்துகொண்டு சுங்கை பட்டாணிப் பிள்ளைக்குத்தானே ஸூமில் வகுப்பு எடுக்கிறான்? காசும் இங்குள்ள வங்கிக் கணக்குக்குத்தானே வருகிறது?” என்று கேட்கலாம். மாணவன் எங்கே இருக்கிறான், பணம் எங்கே போகிறது என்பது முக்கியமல்ல. வேலை செய்பவர் பிரிட்டன் மண்ணில் இருந்தால் அது பிரிட்டனில் செய்த வேலையாகவே கணக்கிடப்படும். காசுக்குப் பதிலாகச் சாப்பாடோ தங்குமிடமோ வாங்கினாலும் அது ஊதியம்தான்.

மாற வேண்டியது எது?

நம் நாட்டு விதியில் ஒரு முரண் உண்டு. மருத்துவம் படிக்கும் வெளிநாட்டு மாணவர் உணவகத்தில் மேசை துடைக்கலாம். ஐந்தாம் படிவ மாணவனுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்க முடியாது. உள்நாட்டவர் வேலையைக் காக்க வரம்பு தேவை என்பது நியாயமே. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் உதவ ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பது பெற்றோருக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையில், குறிப்பிட்ட மணி நேரத்துக்குக் கற்பிக்க அனுமதி தரலாமா என்று நம் பிரதிநிதிகள் அரசாங்கத்திடம் கேட்கலாம். அது வரும்வரை, அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மலேசிய மாணவர்களை அணுகுங்கள். அவர்களுக்குப் பாஸ் தடை இல்லை. ஆனால் மையமாக நடத்தினால் 1996 கல்விச் சட்டத்தின் கீழ்ப் பதிவு அவசியம்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று. இபிஎஃப் சேமிப்பை எடுத்து, நகையை அடகு வைத்து அனுப்புகிறோம். மாதம் சில நூறு வெள்ளி டியூஷன் காசுக்காக விசா ரத்தானால் அத்தனையும் வீண். விசா கிடைத்த அன்றே வேலை பற்றிய நிபந்தனையைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். சந்தேகம் இருந்தால், முதல் வகுப்பு எடுப்பதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். “சீனியர் அண்ணன் சொன்னார்” என்பதை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.