ஏலம் போன பள்ளியின் கணக்கு

பேர்பெற்ற ஒரு பாடகர் இசைப்பள்ளி தொடங்கினால், சில ஆண்டுகள் கழித்து எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: இங்கிருந்து எத்தனை வித்வான்கள் வந்தார்கள்? பதில் பெரும்பாலும் சங்கடமாகத்தான் இருக்கும். 'என்ன இருந்தாலும் குருகுலவாசம் போல வருமா' என்பதோடு பேச்சும் முடிந்துவிடும். பள்ளியை எடைபோட இந்தக் கேள்வி உதவாது. அங்கிருந்து எத்தனை பேர் நல்ல பாட்டு வாத்தியார்களாக வெளியே போனார்கள் என்று பார்ப்பதே நியாயம். இப்படிச் சொல்வதற்கு, இந்துஸ்தானி இசையில் முதல் பெரிய பொதுப்பள்ளியை நிறுவிய விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் வாழ்க்கையே எனக்குப் போதிய ஆதாரமாகப் படுகிறது.

1872இல் குருந்த்வாட் என்ற சிறு சமஸ்தானத்தில், ஹரிகதை செய்து பிழைத்த ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். சிறுவயதில் வெடி விபத்தில் பார்வை கெட்டது. அதனால் படிப்பு நின்றது. மீரஜில் பாலகிருஷ்ணபுவா இசல்கரஞ்சிகரிடம் குவாலியர் பாணியைக் கற்க அனுப்பினார்கள். அந்தக் காலத்துப் பாடகருக்குச் சோறு போட்டது அரண்மனை. அங்கே அவருக்குக் கிடைத்த மரியாதையோ குறைவு. 1896இல் மீரஜை விட்டுக் கிளம்பிய பலுஸ்கர், ஊர் ஊராகப் போய் டிக்கெட் வைத்துக் கச்சேரி செய்தார். 1901 மே 5 அன்று லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் திறந்தார். அதற்கு முன்பும் பள்ளி இல்லாமலில்லை. பரோடாவில் மௌலா பக்ஷ் 1886இலேயே ஒன்றை நடத்தினார். ஆனால் அதற்குப் பணம் கொடுத்தவர் மன்னர். லாகூர்ப் பள்ளி நின்றது நன்கொடையாலும், மாணவர் கட்டணத்தாலும், நிறுவனரின் கச்சேரி வருமானத்தாலும்தான். பாட்டு என்றாலே முகம் சுளித்த நடுத்தரக் குடும்பங்கள், பிள்ளைகளை, பெண்பிள்ளைகளையும்கூட, பாட அனுப்பலாம் என்று துணிந்ததற்கு இந்தப் பள்ளி ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் பள்ளிக்குள் அவர் செய்த இரண்டு காரியங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று கட்டடம். 1908இல் பம்பாயில் கிளை தொடங்கியவர், கடன் வாங்கிச் சொந்தக் கட்டடம் எழுப்பினார். கடனை அடைக்க ஓயாமல் கச்சேரிக்கு அலைந்தார். அலைந்ததால் பள்ளியைக் கவனிக்க முடியவில்லை. 1920களில் கட்டடம் ஏலத்துக்குப் போயிற்று. மனிதர் நாசிக்கில் ராமநாமத்தில் ஒதுங்கி, 1931இல் மீரஜில் காலமானார். நிறுவனரின் தொண்டையை நம்பி வாங்கிய கடன் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். மற்றொன்று, உபதேசகர் வகுப்பு. சில மாணவர்களைப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, பாட மட்டுமல்லாமல் பாடம் நடத்தவும் பழக்கினார். ஓம்கார்நாத் தாகூர் அப்படிப் பழகியவர். இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்தபோதே, 1916இல், லாகூர்ப் பள்ளியின் முதல்வர் பொறுப்பு அவரிடம் வந்தது. பின்னாளில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் இசைப் பிரிவை உருவாக்கியவரும் அவரே. இன்னொரு சீடர் வினாயக்ராவ் பட்வர்தன் 1932இல் புனேயில் ஒரு வித்யாலயம் கண்டார். மற்றொரு சீடர் பி.ஆர்.தேவதர் பம்பாயில் நடத்திய பள்ளியில்தான் பாடகர் குமார் கந்தர்வர் கற்றார். குரு மறைந்த அதே ஆண்டில் சீடர்கள் சேர்ந்து 'மண்டல்' என்ற பெயரில் அமைத்த சங்கம் இன்றும் நாடெங்கும் இசைத் தேர்வு நடத்துகிறது. கட்டடத்தை எடுத்துக்கொண்ட கடன்காரர்களால் இவற்றில் ஒன்றையும் தொட முடியவில்லை.

வகுப்பறையும் பாடத்திட்டமும் ஸ்வரக் குறிப்புப் புத்தகமும் சேர்ந்து இசையைத் தட்டையாக்கிவிட்டன என்ற குற்றச்சாட்டு பலுஸ்கர் காலத்திலிருந்தே உண்டு. அதில் உண்மை இருக்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் வந்துபோகும் இருபது பேருக்கு ராக ஆலாபனையின் நுட்பம் பிடிபடாது. அதை மறுப்பவர் வகுப்பெடுத்துப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால், அந்த இருபது பேர்தான் பிறகு அரங்கில் உட்கார்ந்து கேட்பவர்கள். பாடகர்களைப் படைக்க முடியாவிட்டாலும் நல்ல காதுகளைப் படைக்கலாம் என்ற பொருளில் பலுஸ்கர் பேரில் ஒரு பேச்சு வடக்கே வழங்குகிறது. தேர்ந்தவர்களுக்கோ, பள்ளிக்கு உள்ளேயே உபதேசகர் வகுப்பு என்ற குருகுலத்தை அவர் வைத்திருந்தார். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நம் பழைய சண்டைக்கு இங்கே வேலையில்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பலுஸ்கர் இசையைப் பக்தியோடும் இந்து அடையாளத்தோடும் கட்டிப்போட்டு, அதை வளர்த்த முஸ்லிம் உஸ்தாதுகளை ஓரம்கட்டினார் என்று ஜானகி பாக்லே போன்ற வரலாற்றாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1923 காக்கிநாடா காங்கிரஸில், தலைவர் மௌலானா முகமது அலி ஆட்சேபித்தும் நிறுத்தாமல் வந்தே மாதரத்தைப் பாடி முடித்தவர் அவர். இதற்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை. வாத்தியார்களைப் பெருக்குகிற முறைக்கு வலிமை அதிகம் என்பதால், நிறுவனரின் குறுகலான பார்வையும் அதே வேகத்தில் பெருகும் என்றே இதிலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

கட்டடமா, வாத்தியார்களா என்ற இந்தக் கணக்கு தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாக இருக்கக்கூடாது. சிதம்பரத்தில் இசைக் கல்லூரி வந்தது 1929இல். சென்னையில் அரசு தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு 1949இல் முசிரி சுப்பிரமணிய ஐயரே முதல்வராக இருந்தார். பெரிய பெயர்கள் எப்போதும் கிடைத்துவிடுகின்றன. இன்று நட்சத்திரப் பாடகரின் பள்ளிக்கு நிதி தருபவர்கள் அரங்கத்துக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் மனமுவந்து தருகிறார்கள், அங்கே கல்லில் பெயர் பொறிக்கலாம் என்பதால். வர்ணம் சொல்லிக்கொடுக்கும் இளம் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்கோ, அவர் ஐந்தாறு வருடம் கவலையின்றிக் கற்று, கற்பிக்கப் பழகுவதற்கான உதவித்தொகைக்கோ அப்படித் தருபவர் குறைவு. நிறுவனருக்குத் தொண்டை கட்டினால் அந்த மாதமே வகுப்பு நிற்கும் என்ற நிலையில் உள்ள பள்ளிக்கு நன்கொடை எழுதுகிறவர், முதலில் இந்த இரண்டுக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் காசோலையில் கையெழுத்துப் போடலாம்.