ஞாயிற்றுக்கிழமை வராத இருமல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம், பத்திரிகையில் தன் பெயரைக் கண்டால் என்னோடு சண்டைக்கு வருவான். மழைக்காலம் தொடங்கிய நாள் முதலாக அவனுக்கு இருமல். சாதாரண இருமல் அல்ல. பாடத்தின் நடுவே ஆரம்பித்தால், அசோகர் கலிங்கத்தை ஜயித்து, மனம் வருந்தி, தர்மத்தை மேற்கொள்ளும் வரையில் ஓயாத இருமல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மைதானத்துப் பக்கம் போனால் அதே பையன் கிரிக்கெட் மட்டையும் கையுமாக நிற்பான். இருமலைக் காணோம்!

இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு ஒரு வியாதி வந்து சேருகிறது. எந்தப் பையனையும் பார்த்த மாத்திரத்தில், இவன் இன்ன ரகம் என்று தீர்மானித்துவிடுகிறோம். இவன் பாசாங்குக்காரன் என்று நான் தீர்மானித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, "ஏண்டா, உன் இருமலுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவா?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க நின்றான். அப்படி நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குத் தெரியாது. மூச்சுக்குப் போராடும் குழந்தை அவ்விதம் நிற்கும் என்று பின்னால் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அவனுடைய தாயார் வந்தார். கையில் ஒரு மாதக் காலண்டர். சில தேதிகளைச் சுற்றிப் பென்ஸிலால் வட்டமிட்டிருந்தார். "பையனுக்கு ஆஸ்துமா என்று டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், ஸார். மூச்சு வாங்குகிற நாட்களைக் குறித்து வைக்கச் சொன்னார். குறித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தீபாவளி லீவில் ஒரு நாள்கூட வரவில்லை. மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மூடினார்களே, அந்த வாரத்திலும் இல்லை. திறந்த மறுநாள் வந்துவிடுகிறது. உங்களிடம் கேட்கலாமென்று வந்தேன்" என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு அந்தத் தேதிகளை வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து போய், அவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி பெஞ்சியின் மூலை அது. அங்கே மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் ஒழுகி, சுவரில் ஓதம் ஏறி, ஆள் உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது. பையன்கள் அதற்கு 'ஆஸ்திரேலியா' என்று பெயரிட்டிருந்தார்கள். பூகோள பாடத்தில் நானே இரண்டொரு முறை அதைக் காட்டி வேடிக்கை செய்ததுண்டு. பக்கத்தில் ஒரு மர பீரோ. உள்ளே ஆறு வருஷத்துப் பழைய விடைத்தாள்கள். அதன் பின்பலகையைத் தொட்டேன். விரலில் பூசணம் ஒட்டிக்கொண்டது.

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் பூசணம் பிடிக்கும் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். பாட்டியின் சாஸ்திரம் சுவருக்கும் பொருந்தும். பூசணத்துக்கு வேண்டியவை இரண்டே: ஈரமும் கொஞ்சம் தீனியும். காகிதம், மரம், அட்டை, பசை கலந்த வர்ணம், சுவரில் படிந்த தூசி யாவும் அதற்கு விருந்து. வளர்ந்ததும் அது விதைக்குப் பதிலாக ஒரு நுண்ணிய தூளைக் காற்றில் விடுகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் மூன்று நான்கு கூறுதான் அந்தத் தூளின் ஒரு மணி. மூக்கில் தங்காமல் மூச்சுக்குழாயின் உள் கிளைகள் வரையில் போகக்கூடிய அளவு அது. உடம்பு அதை விரோதியாகப் பாவிக்கும் சுபாவம் வாய்ந்த குழந்தைக்கு, அங்கே உட்சவ்வு வீங்கி, தசை இறுகி, சளி சுரந்து, வழி குறுகிப் போகிறது. மற்றக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இப்படி இரைப்பதில்லை. நாற்பது பேர் சுவாசித்த காற்றில் ஒருவனுக்கு மட்டும் இரைத்தது. அவனை நான் நம்பாமற் போனதற்கு அதுவே காரணம்.

இந்தச் சந்தேகம் புதியதன்று. ஹாலந்து தேசத்து டாக்டர் ஸ்டார்ம் வான் லியூவன் என்பவர், ஈர வீடுகளின் பூசணத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தம் உண்டென்று 1920-களிலேயே எழுதினார். அதைக் கேட்டு, லண்டன் ஸெயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃப்ரீமன், லா டூஷ் என்ற பூஞ்சை நிபுணரை நியமித்து, ஆஸ்துமா நோயாளிகளின் வீடுகளிலிருந்து பூசணங்களைச் சேகரித்து வளர்க்கச் செய்தார். அவருடைய அறைக்கு மேல் மாடியில் வேலை செய்தவர் யார் தெரியுமா? அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்! 1928-ல் ஃப்ளெமிங்கின் கண்ணாடித் தட்டில் வந்து விழுந்து பென்ஸிலினை உலகத்துக்கு அளித்த பூசணம், ஜன்னல் வழியாக வந்ததென்று கதை சொல்வார்கள். கீழ் அறையிலிருந்து மாடிப்படி வழியாக வந்திருக்க வேண்டும் என்பதே பிற்காலத்தில் ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம். பென்ஸிலினைக் கொண்டாடினோம், அந்தப் பூசணங்களை எதற்காகச் சேகரித்தார்கள் என்பதை மறந்துவிட்டோம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியே நடந்த ஆராய்ச்சியும் உண்டு. தைவானில் 44 பள்ளிக்கூடங்களின் வகுப்பறைக் காற்றைச் சோதித்து, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்து, 2014-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: "விடுமுறை நாட்களில் இரைப்பு குறைகிறதா?" அப்படிக் குறைகிற குழந்தைகள் நூற்றுக்கு மூவர் இருந்தார்கள். வகுப்பறையில் பூசணத் தூளின் அளவுக்கும் அந்த இரைப்புக்கும் சம்பந்தம் காணப்பட்டது. நான் வகுப்பில் கேலியாகக் கேட்ட கேள்வியை அவர்கள் ஆராய்ச்சிக் கேள்வியாகக் கேட்டிருந்தார்கள்; வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமாவைத் தூண்டுவது பூசணம் ஒன்றே அல்ல. ஜலதோஷம், புகை, தூசியில் வாழும் நுண்பூச்சி, கரப்பான் என்று பல உண்டு. எங்கள் பையனுக்கும் சுவர்தான் முழுக் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தலைமை ஆசிரியரிடம் போனேன். நல்ல மனுஷர். "அவ்வளவுதானே? நாளைக்கே வெள்ளையடிக்கச் சொல்லிவிடுகிறேன்" என்றார். அடித்தார்கள். வகுப்பறை கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. மூன்று வாரத்தில் ஆஸ்திரேலியா திரும்ப வந்தது, கூடவே நியூஸிலாந்தும். புதுச் சுண்ணாம்பின் காரம் பூசணத்தைச் சில நாள் அடக்கி வைக்கும். நாளாவட்டத்தில் காரம் போய்விடும்; பின்னால் ஈரம் இருக்கவே இருக்கிறது. மருந்து தெளித்துக் கொல்வதும் போதாது. செத்த பூசணத்தின் தூளும் இரைப்பை உண்டாக்க வல்லது. அதை அகற்ற வேண்டும். அதற்கு முன் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ல் ஐரோப்பாவிலிருந்து வெளியிட்ட அறிக்கையில், இவ்வளவு பூசணம் இருந்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவைக் குறிப்பிட முடியாதென்றும், ஈரத்தைத் தடுப்பதே வழியென்றும் சொல்லியிருக்கிறார்கள்.

மராமத்தினால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் நடந்த பரீட்சையைச் சொல்லலாம். பூசணம் பிடித்த வீடுகளில் வாழ்ந்த 62 ஆஸ்துமாக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வீடுகளில் ஒழுகலை அடைத்து, நனைந்து கெட்டவற்றை அப்புறப்படுத்தினார்கள். இரு பிரிவினருக்கும் வைத்தியம் நடந்தது. மராமத்து முடிந்த பிறகு, முதற் பிரிவில் 29 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் நோய் கடுமையாயிற்று; மற்றப் பிரிவில் 33-ல் பதினொன்றுக்கு. 2006-ல் வெளிவந்த கணக்கு இது. சிறிய பரீட்சைதான், ஆனால் கொத்தனாரும் குழாய்க்காரரும் வைத்தியருக்குத் துணையாக நின்றதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

அரைப் பரீட்சை விடுமுறையில் எங்கள் பள்ளியில் குழாயை மாற்றினார்கள். குழந்தைகள் இல்லாத நாளில் செய்தது நல்லதாயிற்று. சுரண்டும்போதுதான் தூள் அதிகமாகப் பறக்கும். பழைய காரையைக் கொத்தி எடுத்து, நன்றாக உலரவிட்டுப் புதிதாகப் பூசினார்கள். விடைத்தாள்கள் வண்டியேறின. காலை வேளையில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்தி, ஈரத்துணியால் துடைக்க ஏற்பாடாயிற்று.

வீடுகளிலும் பார்க்கவேண்டியவை உண்டு. மழை நாளில் படுக்கையறையிலேயே கொடி கட்டித் துணி உலர்த்துகிறோம். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்கிறோம். நாலு விரல் தள்ளி வைத்தால் காற்றுப் போகும். எது நனைந்தாலும் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாளுக்குள் உலர்த்திவிட்டால் பூசணம் தலையெடுப்பது அரிது. சுவர் உலர்ந்துவிட்டதென்று டாக்டர் கொடுத்த இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. "பழகிவிடும்" என்று அதை ஒளித்து வைக்கும் தாய்மாரை நான் அறிவேன். பழகிவிடும் மருந்தல்ல அது. நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் கொஞ்சத்தில் வேலை செய்யும் மருந்து.

விடுமுறைக்குப் பின் பையனை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வகுப்பின் முன்னிலையிலேயே, "உன்னை நான் கேலி செய்தது தப்பு" என்றேன். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஆஸ்துமா அவனை விட்டுப் போய்விடவில்லை. பையில் இன்ஹேலர் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தத் தை, மாசி, பங்குனியில் அவன் பள்ளிக்கு வராத நாட்கள் இரண்டுதான். மழை ஓய்ந்ததனாலா, சுவர் உலர்ந்ததனாலா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. மறு வருஷத்து ஐப்பசிக்காகக் காத்திருந்தோம். ஐப்பசி பிறந்தது, மழையும் கொட்டிற்று. அவன் எட்டாம் வகுப்பில், வேறு அறையில் இருந்தான். இடைவேளையில் ஓடி வந்து, பழைய மூலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உலர்ந்திருக்கு, ஸார்!" என்று சொல்லிவிட்டு ஓடினான்.