செடிக்குத் தண்ணீர் விட அலாரமா?

தொட்டிச் செடி வளர்க்கும் சகோதரிகள் எனக்கு எழுதும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் விடணும்?” இதற்குப் பதில் சொல்லவென்றே இப்போது செல்போனில் ‘ஆப்’ வந்துவிட்டது. செடியின் பெயரைப் பதிந்து வைத்தால், குறித்த நாளில் மணி அடித்து நினைவூட்டும். என் அண்ணன் மகளும் இப்படி ஒன்றைத் தயாரிக்கிறாள். “அத்தை, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, சேர்த்துடறேன்” என்றாள். அவளுக்குச் சொன்னது உங்களுக்கும் உதவும்.

முதலில், ‘திங்கட்கிழமை தண்ணீர் விடு’ என்று அந்த மணி அடிக்கவே கூடாது. செடிக்குக் கிழமை தெரியாது. ஐப்பசி மழையில் நாலு நாளானாலும் மண் காயாது. அக்னி நட்சத்திரத்தில் காலையில் விட்டது சாயங்காலமே உலர்ந்துவிடும். மண் தொட்டி சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபேனுக்கு நேரே நிற்கும் செடி ஒரு தினுசு, குளியலறை ஜன்னலில் இருப்பது வேறு தினுசு. இதெல்லாம் போனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் வைத்த செடி தாகத்தால் சாவதைவிட, நாம் ஆசை ஆசையாய் ஊற்றி, வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடுக்கிலெல்லாம் தண்ணீர் நின்றால் வேருக்கு மூச்சு முட்டும். இலை வாடும். ஐயோ தாகம் என்று இன்னொரு சொம்பு ஊற்றுவோம்! ஆகவே மணி அடிக்கட்டும். ‘விரலை விட்டுப் பார்’ என்று அடிக்கட்டும். ஓர் அங்குல ஆழத்தில் ஈரம் தட்டுப்பட்டால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். மருளின் உறவான ‘சினேக் பிளாண்ட்’டுக்குத் தொட்டி மண் முழுக்கக் காய்ந்த பிறகு விட்டால் போதும்.

நாள் கணக்குப் பார்த்து அடிக்க வேண்டிய மணி வேறு ஒன்று உண்டு. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, மணி பிளாண்ட் போட்ட பாட்டில், இவற்றில் தேங்கும் தண்ணீருக்கான மணி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கெல்லாம்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு தரம் தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும். கொட்டினால் மட்டும் தீராது. ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் ஈரமே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். “இதை நான் யோசிக்கவே இல்லையே!” என்றாள் பெண். அவள் செடியை மட்டும் பார்க்கிறாள். வீட்டில் குழந்தை இருப்பதை நாம்தானே பார்க்கணும்?

குழந்தை என்றதும் இன்னொன்று. இலையைப் போட்டோ எடுத்தால் பெயர் சொல்லும் வசதியும் இருக்கிறது. பிரான்சு விஞ்ஞானிகளின் ‘பிளாண்ட்நெட்’ 2013-லேயே போனுக்கு வந்தது. நல்ல சாதனம்தான், ஆனால் அது சொல்வது ஊகம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

பச்சை இலையில் வெள்ளை தெளித்தாற்போல் ஹாலில் நிற்கும் டிஃபன்பேக்கியாவும், மணி பிளாண்ட்டும் சேப்பங்கிழங்கின் குடும்பம். சரியாக வேகாத சேம்பு நாக்கை அரிக்கிறதல்லவா? அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள்தான் இந்த இலைகளிலும். குழந்தை கடித்துவிட்டால் வாய் எரியும், எச்சில் வடியும், உதடும் நாக்கும் வீங்கும். வாயில் இருப்பதை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் வாயில் எதுவும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி. அரளி இன்னும் கொடியது, இதயத்தைத் தாக்கும். அதற்குக் கைவைத்தியமே கிடையாது, அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் ஓட வேண்டும்.

‘காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள்’ என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தாள். அடித்துவிடச் சொன்னேன். 1989-ல் நாஸா சோதித்தது மூடிய பெட்டிக்குள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாக வந்துபோகும் காற்றுக்கு ஈடாக, சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். தாளிக்கிற புகைக்கு ஜன்னலைத் திறங்கள். செடியைக் கண்ணுக்கு அழகாக வளருங்கள்.

அடுத்த இதழில்: ஜன்னல் ஓரத்தில் கொத்தமல்லி.