ஒட்டுறதும் மருந்துதான்

மாத்திரைன்னா யோசிக்கிற நாம, வலி பேட்ச்சை மட்டும் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுறோம். ஹாஸ்டல்ல ஒருத்தனுக்கு முதுகு பிடிச்சா ரெண்டு பேட்ச், அதுக்கு மேல வெந்நீர் பை! ஃபிக் விதி படிச்சவங்கதானே? சூடு ஏறினா மருந்து தோலைக் கடக்கும் வேகம் கூடும். அந்த இடத்து ரத்த ஓட்டமும் கூடி, அளவுக்கு மீறி உள்ளே போகும். டைக்ளோஃபெனாக் பேட்ச்சோட அதே மாத்திரையையும் போடுறது இன்னும் மோசம். வயிறும் கிட்னியும் ரெண்டையும் சேர்த்துத்தான் தாங்கணும். கிரிக்கெட்ல சிராய்ச்ச தோல் மேல ஒட்டவே கூடாது. 5% லிடோகெயின் பேட்ச்னா ஒரு நாளைக்கு 12 மணி நேரம்தான், மீதி 12 மணி நேரம் தோலுக்கு ஓய்வு. எரிச்சல், தடிப்பு வந்தா உடனே கழட்டுங்க. கழட்டினதுலயும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடிச்சுக் குப்பையில போடுங்க, மெஸ் பூனை வாய்க்குப் போயிடாம.