குழாயின் மறுமுனை

தர்மபுரி வழியாகப் பெங்களூருக்கு ரயிலேறும்போதெல்லாம், 'வண்டி நிற்கையில் கழிவறையைப் பயன்படுத்தாதீர்கள்' என்ற பழைய எச்சரிக்கை நினைவுக்கு வரும். அன்று குழாயின் மறுமுனை தண்டவாளம். அங்கே துடைப்பத்தோடு ஒரு மனிதர். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டவாளத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 2019ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எல்லாப் பயணிகள் பெட்டிகளிலும் குழாயை உயிரித் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் மலத்தைச் சிதைத்து நீராகவும் வாயுவாகவும் மாற்றும். நாம் எறியும் தண்ணீர்ப் புட்டியையும் குட்கா உறையையும் அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. தொட்டி அடைத்துக்கொண்டால் மீண்டும் ஒரு மனிதரைத்தான் அழைக்கிறோம். குழாயை மாற்றியாயிற்று, கைகழுவிவிடும் நம் புத்தியை எப்போது மாற்றப்போகிறோம்?